எட்டில் ஓர் இடம்

கான்சஸ் சிட்டி, மிசௌரி
செப்டம்பர் 6, 1970

அன்புள்ள எர்னஸ்டைனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதத் துணிவு வரவில்லை. ஒழுங்குபடுத்தாமல் எழுதினால் நான் சொல்வது எனக்கே விளங்காது என்பது உனக்குத் தெரியும். ஆகவே, இக்கடிதத்தில் சொல்லப்போவதை முதலில் வரிசையாகத் தருகிறேன்.

1. எட்டுப் பேர் கொண்ட சியர்லீடர் குழுவில் நம் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரே ஓர் இடம் என்று தலைமையாசிரியர் ஹாஸ்கியூ விதி வைத்திருப்பது அநியாயம்.
2. ஆனால் சியர்லீடர்கள் ஃபுட்பால் ஆட்டத்துக்கு முதுகு காட்டி நிற்பவர்கள். அவர்களால் எந்த ஆட்டமும் மாறியதில்லை. அந்த இடத்தில் அதிகாரம் எதுவும் இல்லை.
3. போராடுவதற்கு அதைவிடப் பெரிய காரியங்கள் இருக்கின்றன.
4. உன் வேலை.

முதலாவதில் நமக்குள் பேச்சே இல்லை. இரண்டாவதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். பாவாடை சுழல, காகிதக் குஞ்சம் ஆட்டி, கூட்டத்தைச் சிரித்த முகத்தோடு கத்தச் சொல்கிற வேலை அது. நல்ல வேலைதான். ஆனால் அது கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன?

மூன்றாவது: நீதிமன்ற ஆணை என்று சொல்லி, வசந்தத்தில் நம் வெஸ்லி பள்ளியை மூடி, நம் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியோடு சேர்த்தார்கள். நம் ஆசிரியர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமையாசிரியராக இருந்த என்னைப் புத்தக அறைக்குப் பொறுப்பாளனாக்கினார்கள். நான் ஓய்வு வாங்கிக்கொண்டு மகன் கிளிஃப்டன் வீட்டுக்கு வந்துவிட்டேன். போராடுவதானால் அந்த ஆசிரியர்களுக்காகப் போராடலாம்.

நான்காவது: உன்னை மனையியல் ஆசிரியையாக விட்டுவைத்திருக்கிறார்கள். சியர்லீடர் இடம் கேட்கும் அந்தப் பெண்களைத் தூண்டிவிடுகிறாய் என்று ஒரு சொல் எழுந்தால் போதும். கணவனை இழந்தவள் நீ. இதை யோசி.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் யோசி.

அன்புடன்,
அம்ப்ரோஸ்

*

பைன் ஹாலோ, டெக்சஸ்
செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் நான்கு கருத்துகளையும் அடுப்படியில் சோளரொட்டி வேகும்போது வாசித்தேன். ரொட்டி கருகிவிட்டது. அதையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு நடந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டாலஸில் சியர்லீடர் கோடை முகாம் நடத்துகிற இரண்டு அம்மாக்களை நடுவர்களாக அழைத்து வந்திருந்தார்கள். லவோனியா ஸ்ட்ரிக்லன் உடற்பயிற்சிக் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். வெஸ்லியில் நம் பெண்கள் எப்படிச் செய்வார்களோ அப்படியே காலால் தாளம் போட்டு, கையைத் தட்டி, வயிற்றிலிருந்து குரலெடுத்தாள். சுவரில் ஏறி உட்கார்ந்திருந்த பையன்கள் தாங்களாகவே தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளைப் பையன்களுந்தான்.

ஒரு நடுவர் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா, காலை எதுக்கு இப்படிப் போட்டு மிதிக்கிற? சியர்லீடர்னா கைதாம்மா பேசணும். கைய விறைப்பா நீட்டு, கட்டைவிரல உள்ள மடக்கு."

"எங்க ஸ்டாண்டு பலகைல நின்னு செஞ்சது மேடம். அங்க காலும் பேசும்."

"பேச்செல்லாம் நல்லாத்தான் பேசற."

அவளுக்கு இடமில்லை. நம் பக்கத்துக்கான அந்த ஒற்றை இடம் வெர்லீன் டப்ஸுக்குப் போனது. வெர்லீன் சாதுவான பெண்; கையை விறைப்பாக நீட்டினாள். நான் ஹாஸ்கியூவின் அறைக்குப் போனேன்.

"மிஸஸ் ரூடி, ஒண்ணு குடுத்திருக்கேன்ல, சந்தோஷமா வாங்கிக்கங்க."

"ஃபுட்பால் அணியில பாதிப் பேர் எங்க பசங்க சார். அவங்களயும் எண்ணித்தான் எடுத்தீங்களா?"

"அது திறமை பாத்து எடுத்தது."

"அப்ப இது?"

அவர் சன்னலைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, அண்ணா, ஒரு குப்பைத் தொட்டிதான்.

வெர்லீன் அழுதுகொண்டே என் வகுப்புக்கு வந்தாள். "நான் இத வாங்கிக்கட்டுமா வேணாமா மிஸ் ரூடி?" நான் வாய் திறப்பதற்குள் லவோனியா சொல்லிவிட்டாள்: "வாங்கிக்கடி கழுத. உள்ள ஒரு ஆள் வேணும்ல?"

நான் யாரையும் தூண்டிவிடவில்லை. அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பழைய வெஸ்லி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பார்வையாளர் ஸ்டாண்டின் மேல் வரிசையில் நிற்கப் போகிறார்கள். கீழே இறங்கத்தானே அனுமதி வேண்டும்; மேலே நிற்க டிக்கெட் போதும். அந்த ஸ்வெட்டர்களின் முழங்கையில் பூச்சி அரித்திருந்தது. நான் செய்ததெல்லாம் அதைத் தைத்துக் கொடுத்ததுதான். மனையியல் ஆசிரியை வேறென்ன செய்வாள்?

உங்கள் தங்கை,
எர்னஸ்டைன்

*

கான்சஸ் சிட்டி
செப்டம்பர் 18

அன்புள்ள எர்னஸ்டைனுக்கு,

நூலகத்துக்குப் போனேன். தெரியாததைப் பற்றிக் கருத்துச் சொல்லிவிட்டேனோ என்ற உறுத்தல் இருந்தது.

இந்தக் காரியம் மினசோட்டாவில் சென்ற நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியிருக்கிறது. கல்லூரி அணி தோற்றுக்கொண்டே இருந்ததாம். ஒரு மாணவன் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று எல்லோரையும் ஒரே குரலில் கத்த வைத்தான். அதன்பின் நெடுங்காலம் இது ஆண்களின் வேலை. கையில் ஒலிக்குழாய், வெள்ளைக் கால்சட்டை. அதற்குத் தேர்தல் நடக்கும். வென்றவன் பின்னாளில் வழக்கறிஞராகவோ அரசியல்வாதியாகவோ ஆனால் அதையும் தன் தகுதிகளில் ஒன்றாகச் சொல்லிக்கொள்வான். ஆண்கள் போருக்குப் போனபோது பெண்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது பெண்கள் இறங்கிப் போகவில்லை. குட்டிக்கரணமும் காகிதக் குஞ்சமும் அதன்பின் பெருகின.

இதையெல்லாம் நான் முடி வெட்டும் கடையில் சொன்னேன். அங்கே தேவாலயத்து டீக்கன் ஃபார்ன்ஸ்வொர்த் என்று ஒருவர் இருக்கிறார். "அப்ப ஆம்பள செஞ்சப்ப தலைவன், பொம்பள செஞ்சதும் பொம்மையா? உங்க தங்கச்சி என்ன சொல்றா வாத்தியாரே?" என்று கேட்டார். கடையே சிரித்தது. உடனடியாகப் பதில் சொல்வது எனக்கு என்றுமே வந்ததில்லை.

ஆனாலும் நூலகத்தில் வாசித்த எதிலும், ஒரு சியர்லீடரால் ஓர் ஆட்டம் திரும்பியதாக எழுதவில்லை. ஆகவே என் இரண்டாவது கருத்து நிற்கிறது.

நான் என்னால் இயன்ற ஒரு காரியத்தைச் செய்திருக்கிறேன். அது பலித்தால் எல்லோருக்கும் நிம்மதி. பலித்தபின் சொல்கிறேன்.

ஸ்வெட்டர் தைத்ததை யாரிடமும் சொல்லாதே.

அம்ப்ரோஸ்

*

பைன் ஹாலோ
செப்டம்பர் 25

திரு. அம்ப்ரோஸ் கிப்சன் அவர்களுக்கு,

உங்கள் காரியம் பலித்துவிட்டது.

இன்று ஆசிரியர் கூட்டத்தில் ஹாஸ்கியூ எழுந்து நின்று, கண்ணாடியைத் துடைத்து, நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தார். "இரு தரப்பும் பொறுமை காத்தால்." "ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இடங்கள் என்பது நியாயமான நடுவழியாக இருக்கலாம் என்று தாழ்மையுடன் கருதுகிறேன்." வாசித்து முடித்து என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா மிஸஸ் ரூடி, உங்க சொந்த அண்ணன். லத்தீன் படிச்ச மனுஷன். அவரே பொறுமைங்கறாரு. ரெண்டைப் பத்திப் பின்னால பாப்போம். இந்த வருஷம் ஒண்ணு, அவ்வளவுதான்." எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைப்பிங் சொல்லித்தரும் பெண் மட்டும் சிரித்தாள்.

நீங்கள் கேட்ட இரண்டு இடமும் கிடைக்கவில்லை. நாங்கள் கேட்காத பொறுமை மட்டும் கிடைத்திருக்கிறது.

முதல் உள்ளூர் ஆட்டத்தில் நம் பெண்கள் மேல் வரிசையில் எழுந்து நின்றார்கள். ஷெரிஃபின் ஆள் ஒருவன் படியேறி வந்தான். "உக்காருங்கம்மா. கோஷத்துக்குன்னு கீழ ஆளுங்க இருக்காங்க." லவோனியா கேட்டாள்: "எல்லாரும் நிக்கறாங்களே சார், அவங்களையும் உக்காரச் சொல்லுவீங்களா?" அவன் சொல்லவில்லை. இவர்களை மட்டும் உட்கார வைத்தான். உட்கார்ந்துகொண்டே காலால் தட்டினார்கள். ஸ்டாண்டில் நம் பாதி முழுக்கத் தட்டியது. காலை யாரால் கைது செய்ய முடியும்?

இனி என் பெயரால் நீங்கள் யாருக்கும் எழுத வேண்டாம். எனக்கும் எழுத வேண்டாம்.

எர்னஸ்டைன் ரூடி

*

கான்சஸ் சிட்டி
அக்டோபர் 2

அன்புள்ள எர்னஸ்டைனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இதை வாசிக்காமல் அடுப்பில் போட உனக்கு உரிமை உண்டு.

உன்னைக் கேட்காமல் அவருக்கு எழுதியது தவறு. உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அதுவும் தவறு. நடுவில் நின்று பேசினால் இரு பக்கமும் கேட்கும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் அதைக் கையில் எடுத்து மறு பக்கத்தை அடிக்கும் என்று நினைக்கவில்லை.

ஹாஸ்கியூவுக்கு இன்னொரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். என் முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், அதை எங்கும் வாசிக்கக்கூடாது என்று எழுதினேன். முதலில் நீளமாக எழுதியிருந்தேன். கிளிஃப்டன் தோளுக்கு மேலாகப் பார்த்து, "அப்பா, 'தாழ்மையுடன்'கறத எடுங்க. அது மூணு எடத்துல வருது" என்றான். எடுத்தபின் ஒரு வரிதான் மிஞ்சியது. அந்த ஒரு வரியோடு தபால் பெட்டிக்கு நடந்தேன். போட்டுவிட்டேன்.

அந்தப் பெண்கள் அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கருத்துச் சொல்ல அல்ல.

அம்ப்ரோஸ்

*

பைன் ஹாலோ
அக்டோபர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் ஒரு வரிக் கடிதத்தை ஹாஸ்கியூ எந்தக் கூட்டத்திலும் வாசிக்கவில்லை. ஆனால் அவருடைய உதவியாளர் பெண் என்னிடம் நடையில் வந்து, "உங்கண்ணன் லெட்டரப் பாத்துட்டு காலைல காப்பியக் கொட்டிட்டாரு" என்றாள். அதனால் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை, பழைய மாணவர்களெல்லாம் ஊர் திரும்பும் ஹோம்கமிங் ஆட்டம். ஊரே வந்திருந்தது. இதைச் சொல்வதற்கு முன் உங்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். இத்தனை வருடம் தலைமையாசிரியராக இருந்தும் நீங்கள் டிக்கெட் வாசலைவிட்டு உள்ளே வந்ததில்லை. பந்து எதிரணியிடம் இருக்கும்போது நம் கூட்டம் கத்தித் தீர்க்க வேண்டும். அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன், தன் பையன்களுக்குச் சங்கேதம் சொல்வது அவர்கள் காதில் விழக்கூடாது. பந்து நம்மிடம் வந்துவிட்டால் நம் கூட்டம் மூச்சுவிடக் கூடாது. நம் பையன் சொல்வது நம் பையன்களுக்குக் கேட்க வேண்டும். எப்போது கத்துவது, எப்போது அடங்குவது என்று கூட்டத்துக்குச் சொல்வது சியர்லீடர்தான்.

ஆட்டம் முடியும் தறுவாய். நாம் பின்தங்கியிருந்தோம். பந்து அவர்களிடம். கீழே தலைவி பெகி ஆன் "தடு! தடு! தடுத்து நிறுத்து!" என்று கத்த வைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் இடியாய் முழங்கியது. அந்த நேரத்தில் நம் வெஸ்லிப் பையன் டோனெல் பந்தைப் பறித்துவிட்டான். பெகி ஆனுக்கு அது தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் நடந்தது. கூட்டம் துள்ளியதைப் பார்த்துத் தன் கோஷம்தான் பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் வேகமாகக் கத்தினாள். சியர்லீடர் செய்யக்கூடாத தவறு இது ஒன்றுதான், அண்ணா: தன் பையன்கள் காதைத் தானே அடைப்பது.

நம் குவார்ட்டர்பேக் ராய் டீன் இரண்டு கையையும் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினான். யாரும் அடங்கவில்லை. அவன் சங்கேதம் கேட்காமல் ஒரு பையன் முந்தி அசைந்துவிட்டான். தண்டனையாக நம் அணியைப் பின்னால் தள்ளினார்கள். மறுபடியும் அதே. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மேல் வரிசையில் லவோனியா எழுந்தாள். ஷெரிஃபின் ஆள், "ஏய், உக்காருன்னேன்ல!" என்றான். அவள் பலகையை ஒரு மிதி மிதித்து, உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். வெஸ்லியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நம் பாதி அப்படியே அடங்கியது. கைக்குழந்தைகளைக்கூட அழவிடாமல் அணைத்துக்கொண்டார்கள்.

ஆனால் மறு பாதி கத்திக்கொண்டே இருந்தது.

கீழே வெர்லீன் எங்களைப் பார்த்தாள். பாதி ஸ்டாண்டு ஏன் செத்துப்போனது என்று புரியாமல் முழித்தாள். பிறகு திரும்பி ஆட்டத்தைப் பார்த்தாள். கோஷத்தின் நடுவில் எந்த சியர்லீடரும் திரும்ப மாட்டாள். பார்த்ததும் குஞ்சம் இரண்டையும் தரையில் போட்டாள். ஓடிப்போய் அந்த மறு பாதியின் எதிரே நின்று, லவோனியா போலவே கையைத் தூக்கினாள். பெகி ஆன் ஏதோ திட்டினாள், திரும்பினாள், பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளும் கையைத் தூக்கினாள்.

அமைதி. வங்கிக்காரர், தேவாலயத்துப் பெரியவர்கள், பள்ளிக் குழு உறுப்பினர்கள், எல்லோர் வாயும் மூடியது. ராய் டீன் சங்கேதம் சொன்னது மேல் வரிசையில் எனக்குக் கேட்டது. டோனெல் பந்தோடு அவர்களுடைய எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடினான், ஆட்டம் நமக்கு. லவோனியா அதுவரை கையை இறக்கவில்லை. இறக்கினாள். பிறகு அந்தப் பலகைகள் பட்ட பாட்டை நான் எழுத முடியாது.

இன்று காலை ஹாஸ்கியூ அவளைக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"அனுமதி இல்லாம கோஷத்தை நடத்தியிருக்க. ரெண்டு வாரம் பள்ளிக்கு வர வேணாம்."

"நான் கோஷமே போடல சார். நிறுத்தினேன்."

"அதுதான்! அதுதான் நான் சொல்றது!"

"சும்மா இருக்கக்கூடாதுன்னு எந்த விதில சார் இருக்கு?"

அவர் முகம் சிவந்தது. கதவைச் சாத்தினார். குரலை இறக்கினார். "சரி. ரெண்டு எடம் தரேன். நீயும் வெர்லீனும். இதோட முடிச்சுக்குவோம்."

நீங்கள் கேட்டதேதான், அண்ணா. உங்கள் இரண்டு. லவோனியா அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. "எண்ணிக்கையே வேணாம் சார். எல்லாரையும் மறுபடி ஆட விடுங்க. ஸ்டாண்டே பாத்துச் சொல்லட்டும். எங்கள்ல ஒருத்தியும் ஜெயிக்கலேன்னா ஒருத்தியும் வேணாம்."

இன்று மதியம் வெர்லீன் தன் புதுச் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். வெஸ்லிப் பிள்ளைகள் யாரும் வகுப்புக்குப் போகவில்லை, கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அணியில் நம் பையன்களும் அங்கேதான். பயிற்சியாளர் வந்து ஹாஸ்கியூவிடம் கத்தியது நடை முழுக்கக் கேட்டது: "அந்தப் பொண்ணக் கொண்டாந்து கீழ நிறுத்துங்கய்யா, வேற என்ன வேணும் உங்களுக்கு!"

ஹாஸ்கியூ இப்போது என்னிடம் ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார். இந்தப் பெண்கள் செய்தது தவறு என்று நான் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் வரும் திங்கட்கிழமை, பத்தொன்பதாம் தேதி பள்ளிக் குழு கூடும்போது என் வேலையைப் பற்றியும் பேசுவார்களாம். உங்கள் நான்காவது கருத்து சரிதான். வேலை போகலாம். நான் கையெழுத்திடப் போவதில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம் செய்து கொடிக்கம்பத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.

எர்னஸ்டைன்

*

கான்சஸ் சிட்டி
அக்டோபர் 15

அன்புள்ள தங்கைக்கு,

கையெழுத்திடாதே.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு எழுந்து நடந்தேன். திரும்ப உட்கார்ந்து வாசித்தேன். முடி வெட்டும் கடையில் இதை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். அந்த அமைதி வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். டீக்கன் ஃபார்ன்ஸ்வொர்த் கடிதத்தை வாங்கி மீதியை வாசித்தார். முடித்ததும், "வாத்தியாரே, இன்னும் இங்க உக்காந்து என்ன பண்றீங்க?" என்றார்.

ஆகவே வருகிறேன். சனிக்கிழமை மாலை பேருந்தில் இறங்குவேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும் என்று நம்புகிறேன். திங்கட்கிழமை பள்ளிக் குழுவின் முன் பேச என் பெயரைக் கொடுத்துத் தந்தி அடித்திருக்கிறேன். என் பழைய கடிதத்தை ஹாஸ்கியூ எடுத்து வாசிப்பார் என்பது நிச்சயம். வாசிக்கட்டும். அதை எழுதியவன் அதே அறையில் எழுந்து நின்று மறுப்பான். பேசும்போது என் குரல் நடுங்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நடுங்கினாலும் சொல்லி முடிக்கும்வரை உட்கார மாட்டேன். ஷெரிஃபின் ஆள் படியேறி வந்தாலும்.

பேச்சை வழக்கம்போல் வரிசைப்படுத்தி எழுத உட்கார்ந்தேன். எதை முதலில் வைப்பது என்று தேடியபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. ஹாஸ்கியூ நம் பையன்களை அணியில் எண்ணிக்கை பார்க்காமல் சேர்த்தார். வகுப்பறைகளிலும் எண்ணவில்லை. இந்த எட்டுப் பேரை மட்டும் எண்ணினார். வெறும் அலங்காரத்தை யாராவது இவ்வளவு கவனமாக எண்ணுவார்களா? ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் எழுப்பவும் அடக்கவும் கூடிய இடம் அது என்று அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. நம் பெண்கள் கை தூக்கினால் தன் பாதியும் அடங்கிவிடும் என்பதுதான் அவருடைய பயம். அவர் பயந்தபடியேதான் வெள்ளிக்கிழமை நடந்தது. எனக்கு இது தெரியவில்லை. லவோனியாவுக்குத் தெரிந்திருந்தது, உனக்கும் தெரிந்திருந்தது.

நான் செப்டம்பரில் எழுதிய முதல் கடிதத்தில் இரண்டாவது கருத்து தவறு.

அண்ணன்,
அம்ப்ரோஸ்